பெற்றோல் செட்டில் ஏற்றிய குத்துவிளக்கு

மேடையில் குத்துவிளக்கைக் கண்டால் எனக்குக் குமட்டும். வீட்டுச் சாமியறையில் மனைவி ஏற்றுகிற விளக்கைச் சொல்லவில்லை. அதன் முன்னால் நானும் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறவன்தான். நான் சொல்வது கூட்டத்து விளக்கை. எங்கள் பக்கம் நுளம்பு வலை கொடுக்கக் கூட்டம் வைத்தாலும் முதலில் பிரதம அதிதி வர வேண்டும். அவர் பிந்தித்தான் வருவார். வந்ததும் ஒருவர் மெழுகுதிரியை நீட்டுவார், அவர் ஒரு திரியை ஏற்றுவார், பிறகு பக்கத்தில் நிற்கிறவர், பிறகு அவருக்குப் பக்கத்தில் நிற்கிறவர். எல்லாரும் கமராவைப் பார்த்தபடிதான் ஏற்றுவார்கள். திரியைப் பார்த்து ஏற்றிய ஒருவரையும் நான் கண்டதில்லை.

இந்த வெறுப்பு எங்கே தொடங்கியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அது போர்நிறுத்தக் காலம். மட்டக்களப்பு முழுவதும் வெள்ளை வாகனங்கள் ஓடித் திரிந்தன. காலையில் ஒரு செயலமர்வு, பின்னேரம் இன்னொரு செயலமர்வு. சவர்க்காரம் செய்யப் பழக்கினார்கள், கோபத்தை அடக்கப் பழக்கினார்கள், தமிழரும் முஸ்லிம்களும் ஒற்றுமையாக இருப்பது எப்படி என்று வட்டமாக உட்காரவைத்துப் பந்து எறியவிட்டுப் பழக்கினார்கள். பந்து எறிந்து முடிந்ததும் பற்றீசும் ரீயும். போகும்போது கையில் ஒரு சான்றிதழ். அந்த நாட்களில் எங்கள் ஊரில் சான்றிதழ் இல்லாத வீடு இல்லை. கூரை இல்லாத வீடுகள்தான் நிறைய இருந்தன.

தன்னாமுனையைக் கடந்து ஏறாவூருக்குப் போகிற வழியில் இருந்த ஒரு பெற்றோல் செட்டில் நான் எலக்ரீசியன். முதலாளிக்கு நெல் ஆலையும் ஒன்று இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து நாங்கள் இரண்டு பேர். மற்றவன் காத்தான்குடிக்காரன், முஸ்லிம், என் கூட்டாளி. வளைகுடாவில் கட்டடங்களுக்கு வயர் இழுத்துவிட்டுத் திரும்பி வந்தவன். சரியான பெருமைக்காரன். அவனுடைய டூல்ஸ் பெட்டியை யாரும் தொடக் கூடாது, ஒரு டெஸ்டரை இரவல் கேட்டாலும் முகத்தைச் சுளிப்பான். "அங்க இப்பிடி இல்ல மச்சான்" என்று தொடங்கினான் என்றால் கையில் இருக்கிற ரீ ஆறிப்போகும். எனக்கு அவனைப் பிடிக்கும். அவன் கதைகளைத்தான் பிடிக்காது.

ஒரு விசயத்தில் மட்டும் அவன் கதையளக்கமாட்டான். பெற்றோல் பம்புக்குள் ஒரு மோட்டர் இருக்கிறது. அதற்குக் கரண்ட் போகிற இணைப்பு கனத்த வார்ப்பிரும்புப் பெட்டி ஒன்றுக்குள் இருக்கும். பெற்றோல் ஆவி உள்ளே போகாமல் தடுக்கத்தான் அந்தப் பெட்டி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஆவி எப்படியும் உள்ளே போய்விடும். உள்ளே ஒரு பொறி தட்டி அது வெடித்தால், அந்த நெருப்பு வெளியே வராமல் பார்ப்பதுதான் பெட்டியின் வேலை. மூடியும் பெட்டியும் இரும்போடு இரும்பாக உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும். அதற்குள்ளால் வருகிற நெருப்பு வருகிற வழியிலேயே சூடு தணிந்து செத்துப்போகும். அதற்கு மூடியின் போல்ட் அத்தனையும் இறுகியிருக்க வேண்டும், நடுவில் வேறு ஒன்றும் இருக்கக் கூடாது.

எங்கள் பக்கத்தில் இந்த இரண்டுமே நடப்பதில்லை. வாவிக் காற்று உப்புக் காற்று. மாரி வந்தால் பெட்டிக்குள் தண்ணீர் கசியும், இணைப்பெல்லாம் பச்சை பிடிக்கும். அதனால் எங்கள் ஆட்கள் பழைய சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி மூடிக்கு அடியில் வைத்துவிடுவார்கள். தண்ணீர் போகாது, உண்மைதான். ஆனால் உள்ளே வெடித்தால் அந்த ரப்பரைப் பிய்த்துக்கொண்டு நெருப்பு முழுசாக வெளியே வரும். போல்ட்டிலும் மூலைக்கு ஒன்றைப் போட்டுவிட்டு மிச்சத்தை வேறு மெஷினுக்குக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சண்டைக் காலத்தில் ஒரு போல்ட்டுக்கு ஊர் ஊராக அலைய வேண்டியிருந்தது, அதை நான் குறை சொல்லமாட்டேன். கூட்டாளி வேலைக்கு வந்ததும் செய்த முதல் வேலை, எங்கள் பம்புகளில் இருந்த ரப்பரையெல்லாம் உருவி வீதிக்கு எறிந்ததுதான். அதில் நான் வெட்டி வைத்ததும் இருந்தது, அன்றைக்கு நானும் அவனும் கைகலப்பு வரை போனோம்.

அவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் தமிழரானாலும் முஸ்லிமானாலும் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் பேச முடியாது. மூத்தவளுக்குத் தொடங்கிய வீடு யன்னல் உயரத்தோடு நின்றுபோயிருந்தது. அந்த நேரத்தில் கொழும்பு ஏஜென்சி ஒன்று, கட்டாரில் எரிவாயு ஆலைக்கு எலக்ரீசியன் எடுக்கிறார்கள் என்று சொன்னது. கட்டட வேலை போல இல்லை, வீட்டைக் கட்டி முடிக்கிற சம்பளம். ஒரு நிபந்தனைதான் இருந்தது. வெடிப்பு அபாயமுள்ள இடங்களில் வேலை செய்யத் தேர்ச்சி பெற்றவர் என்று சான்றிதழ் வேண்டும். எத்தனை வருடம் வேலை செய்தாய், என்ன தெரியும் என்று அவர்கள் கேட்கவே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான், வெளிநாட்டுக் காசில் அந்தத் தேர்ச்சி மதிப்பீட்டை மட்டக்களப்பிலேயே வைக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. கூட்டாளி முதல் ஆளாகப் பதிந்தான். என்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் பதியவைத்தான்.

"நீயும் பதி மச்சான். மறுகா ஒருக்கா வெப்பானுகளோ என்னவோ" என்றான்.

மதிப்பீடு இரண்டு நாள். முதல் நாள் வாய்க்கேள்வி, மறுநாள் செய்முறை. இடம் எங்கள் செட். உண்மையான வேலைத்தலத்தில் நடத்தினால் அறிக்கையில் நன்றாக இருக்கும் என்று, கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒழுங்கமைப்பாளர் முதலாளியிடம் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தார். முதலாளி அந்த இரண்டு நாளும் வியாபாரத்தை நிறுத்தச் சம்மதித்தார். ஆனால் பெற்றோல் ஏற்றி வந்த பவுசர் லொறியைத் திருப்பி அனுப்பச் சம்மதிக்கவில்லை. எண்ணெய் எப்போது வரும், எந்தச் சோதனைச் சாவடியில் மறிபடும் என்று தெரியாத காலத்தில் எந்த முதலாளி பவுசரைத் திருப்புவார்? முதல் நாள் காலையில் அது வந்து, நிலத்துக்குக் கீழே இருந்த தாங்கிகளை நிரப்பிவிட்டுப் போயிருந்தது.

தாங்கிக்குள் பெற்றோல் இறங்க இறங்க, உள்ளே கிடந்த ஆவி குழாய் வழியாக வெளியே வரும். அது காற்றைவிடப் பாரம். மேலே போகாது, கீழிறங்கி நிலத்தோடு நிலமாகப் படுத்துக் கிடக்கும். அன்றைக்குக் காற்றும் இல்லை. வாவிக்கரைத் தென்னைகளில் ஒரு ஓலை அசையவில்லை. செட்டுக்குள் கால் வைத்ததும் எனக்கு மூக்கு எரிந்தது.

தாங்கி வாய்களுக்குப் பக்கத்தில், ஆவிக்குழாய் நிற்கிற சுவரில்தான் பதாகையைக் கட்டியிருந்தார்கள். செட்டில் வெள்ளையடித்த சுவர் அது ஒன்றுதான், படத்துக்கு நன்றாக இருக்குமாம். 'வெடிப்பு அபாயமுள்ள சூழலில் பணிபுரியும் மின்தொழிலாளருக்கான தேர்ச்சி மதிப்பீடு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதற்கு நேர் கீழே வாழையிலை, நிறைகுடம், உச்சியில் சேவல் வைத்த ஆளுயரக் குத்துவிளக்கு. திரியெல்லாம் எண்ணெயில் ஊறிக் காத்திருந்தது. என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை.

நான் ஒழுங்கமைப்பாளரிடம் போனேன்.

"தம்பி, விளக்க அங்கால றோட்டுப் பக்கம் கொண்டு போங்க. இதுல ஏத்த ஏலா. பவுசர் இறக்கிப்போட்டு இப்பதான் போனது."

"அண்ணன், பிரதம அதிதி கிட்ட வந்திட்டார். ஒரு பத்து நிமிசம்தானே."

"பத்து நிமிசத்துக்குள்ள வெடிக்காதோ?"

"நல்ல காரியம் நடக்கிற இடத்துல அபசகுனமாக் கதைக்காதீங்க அண்ணன்" என்று சொல்லிவிட்டு அவர் மாலையைத் தேடிப் போனார்.

மதிப்பீட்டாளர் கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர், தமிழர். முன்வரிசையில் வெள்ளைத் துணி போட்ட கதிரையில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் விளக்கைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருந்தால் நான் அவரை மன்னித்திருப்பேன்.

"மதிப்பீடு இன்னும் தொடங்கேல்லைத்தானே. இது வரவேற்பு நிகழ்வு. தொடங்கினாப் பிறகு எல்லா விதியையும் பின்பற்றுவம்" என்றார்.

பெற்றோல் ஆவி நிகழ்ச்சி நிரலைப் படித்துவிட்டு, வரவேற்பு முடியும் வரை ஒரு மூலையில் காத்திருக்கும் என்று நினைத்தார் போல. சீ என்று போய்விட்டது எனக்கு. அதற்குள் வாகனம் வந்து நின்றது, பிரதம அதிதி இறங்கினார், மாலை விழுந்தது, எல்லாரும் எழும்பினார்கள். யாரோ சட்டைப் பையிலிருந்து லைட்டரை எடுத்து மெழுகுதிரியைக் கொளுத்தினார். சிகரெட் பிடிக்கக் கூடாது என்று எழுதிய பலகைக்கு முன்னால் நின்றுதான் கொளுத்தினார். முதல் திரி எரிந்தது. கமரா மின்னியது.

"உங்களுக்கெல்லாம் மூக்கில்லையா? எல்லாரும் சேந்து சாகப் போறீங்களா?"

கூட்டாளியின் குரல். அவன் வாய் திறந்தால் காத்தான்குடி என்று ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. அவன் சுவரில் தொங்கிய சிவப்பு மண் வாளியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தான். யாரும் வழி விடவில்லை. பிரதம அதிதி என்ன சத்தம் என்று பார்த்துவிட்டு, மெழுகுதிரியை இரண்டாவது திரிக்குக் கொண்டுபோனார். நான் முன்னுக்கு நின்றேன். கூட்டாளியின் கையிலிருந்து வாளியைப் பறித்து விளக்கின் தலையில் கவிழ்த்தேன். மெழுகுதிரியை அதிதியின் கையிலிருந்தே பிடுங்கி மண்ணுக்குள் குத்தினேன்.

நெருப்பணைக்க வைத்த மண் அது. எத்தனை காலமாக யார் யார் துப்பினார்களோ, வெற்றிலைத் துப்பலும் பீடித் துண்டும்தான் பாதி. அவ்வளவும் எண்ணெயோடு சேர்ந்து வாழையிலையிலும் அதிதியின் வெள்ளை வேட்டியிலும் வழிந்தது. பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனால் நெருப்பு அணைந்துவிட்டது.

வெடிக்கவில்லை. அதுதான் எங்கள் கேடுகாலம். வெடித்திருந்தால் நாங்கள் சொன்னது சரி என்று ஆகியிருக்கும், அதைக் கேட்க ஒருவரும் மிஞ்சியிருக்கமாட்டார்கள். வெடிக்காதபடியால் நாங்கள் இரண்டு பேரும் விசரர். அதிதி வேட்டியை உதறிக்கொண்டு வாகனத்தில் ஏறிப் போனார். முதலாளி என்னைக் கண்டபடி ஏசினார். பிறகு கதிரைகளை வீதிப் பக்கம் தள்ளிப் போட்டு வாய்க்கேள்வியைத் தொடங்கினார்கள். கூட்டாளி எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னான். தீப்பற்ற வைக்கக்கூடிய மூலங்கள் எவை என்ற கேள்விக்கு, விளக்கையும் சேர்த்துச் சொன்னான். மதிப்பீட்டாளர் சிரித்தார் என்று அவனே வந்து பெருமையடித்தான்.

பின்னேரம் நான் ஊர் திரும்பும்போது கதை எனக்கு முன்னால் போயிருந்தது. காத்தான்குடியான் ஒருவன் எங்கள் குத்துவிளக்கைக் காலால் உதைத்துவிட்டானாம். எங்கள் விளக்கு என்று அவனுக்கு அவ்வளவு வயிற்றெரிச்சலாம். முகம் வழிக்கிற கடையில் பத்துப் பேர் சேர்ந்து இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் செட்டுப் பக்கம் வந்தவர்கள் இல்லை.

"மண்ணக் கொட்டினது என்ட கை. வாளியப் பறிச்சது நான், மெழுகுதிரியப் பிடுங்கினது நான்" என்று கத்தினேன்.

கடைக்காரர் கத்தியைத் துடைத்தபடி சொன்னார்: "நீங்க நல்ல மனிசன். கூட்டாளிய விட்டுக் குடுக்கமாட்டீங்க."

என் நெற்றியில் காலையில் பூசிய திருநீறு இன்னும் இருந்தது. நான் செய்தேன் என்றால் அது பிழையாகக் கூட எடுபடாது. அந்தக் கதைக்கு நான் உதவாதவன். நான் எவ்வளவு கத்தினாலும் அவர்களுக்குத் தேவைப்பட்டது அவன்தான். போர்நிறுத்தம் என்று பெயர் இருந்தாலும் அந்த மாதங்களில் இரண்டு பக்கமும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், கடையடைப்பும் ரயர் எரிப்பும் நின்றபாடில்லை. வாயால் ஓடுகிற கதை ஆளைக் கொல்லும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் பேசினார்கள்.

மறுநாள் செய்முறைக்குப் போனேன். கூட்டாளியைக் காணவில்லை. ஒழுங்கமைப்பாளரிடம் கேட்டேன். "அவர் பின்னேரக் குழுவில அண்ணன், நீங்க செய்யுங்க" என்றார். நம்பினேன். மேசையில் பெட்டி ஒன்றை வைத்துத் திறந்து மூடச் சொன்னார்கள். கரண்டும் இல்லை, ஆவியும் இல்லை, சும்மா மேசை. எனக்கு முன்னால் செய்த ஒருவர் தன் பையிலிருந்து சைக்கிள் ரியூப் வட்டத்தை எடுத்துப் பக்குவமாக மூடிக்கு அடியில் வைத்தார். வீட்டிலேயே வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மதிப்பீட்டாளர் அதைப் பார்த்தார், தலையாட்டினார், சரி போட்டார். அடுத்தவர் நாலு போல்ட் போட்டு மிச்சத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். அதற்கும் ஒரு சரி, எனக்கும் ஒரு சரி. அத்தனை பேரும் தேறினால்தானே காசு கொடுத்தவர்களுக்குத் திருப்தி.

பின்னேரம் குழுவும் இல்லை, ஒன்றும் இல்லை. கதிரைகளை லொறியில் ஏற்றத் தொடங்கினார்கள். அப்போதுதான் விசயம் வெளியே வந்தது. முதல் நாள் மாலையே கூட்டாளிக்குப் போன் பண்ணி, நாளைக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் மதிப்பீட்டாளரிடம் போனேன். "சேர், விளக்க அணைச்சது நான். நீங்க பக்கத்துல நிண்டு பாத்தீங்கதானே?"

"ஓம், பாத்தனான்."

"அப்ப எனக்கு ஒண்டும் இல்ல, அவன ஏன் மறிச்சீங்க?"

"அவருடைய பாதுகாப்புக்காக. ஊரில கதை அப்படி அடிபடுது. இது எங்களுடைய பொறுப்பு."

"அவனுக்குப் பெறுபேறு என்னெண்டு போடுவீங்க?"

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்தினார். "வராத ஒருவரை நான் எப்படித் தம்பி மதிப்பிடுறது? சமுகமளிக்கவில்லை எண்டுதான் போடலாம். அடுத்த முறை வரச் சொல்லுங்கோ."

பாதுகாப்புக்காக. அந்த இரண்டு நாளிலும் பாதுகாப்பு என்ற சொல் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் உதவியது. பெற்றோல் ஆவியில் நெருப்பு வைத்தவனுக்கு மாலை, அதைத் தடுக்க ஓடிவந்தவனுக்குப் பாதுகாப்பு. அந்த மனிதரின் முகத்தில் துப்ப வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை. வாய் காய்ந்து போயிருந்தது.

கூட்டாளியின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவன் ஒன்றும் பெருந்தன்மையாகப் பேசவில்லை. மதிப்பீட்டாளரின் பரம்பரையையே இழுத்து ஏசினான். ஏசி முடித்துவிட்டு என்னைப் பார்த்து, "மண்ணக் கொட்டின நீ பாஸ். வாளியத் தூக்கின நான் ஆளே இல்ல" என்றான். உள்ளே அவன் மனைவி ரீ ஊற்றிக்கொண்டிருந்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த முறை என்று ஒன்று வரவே இல்லை. சுனாமியாகக் கடல் வந்தது, மூத்தவளின் வீட்டுச் சுவரில் பாதியை எடுத்துக்கொண்டு போனது. பிறகு சண்டை வந்தது. வெள்ளை வாகனங்கள் குறைந்தன, பாதைகள் பூட்டுப்பட்டன, மதிப்பீடாவது மண்ணாவது. ஏஜென்சி மட்டும் சான்றிதழ் எங்கே என்று கூட்டாளியைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒருநாள் என் சான்றிதழை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். டவுனில் எனக்குத் தெரிந்த கொமினிகேசன் கடை ஒன்று இருந்தது. கொம்பியூட்டரில் போட்டு என் பெயரை அழித்து அவன் பெயரை எழுதி, லமினேட்டும் பண்ணித் தருவார்கள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் போனார்கள். இந்தச் சான்றிதழுக்கு உண்மையில் உரியவன் அவன்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

அவன் அதைக் கையில் கூட வாங்கவில்லை.

"புடிச்சானெண்டா அங்க சிறை. புடிக்காட்டி அதவிட மோசம். இப்பிடிப் பேப்பர் செஞ்சிக்கிட்டு எத்தினை பேர் உள்ளுக்கு வந்திரிப்பானுகள் எண்டு யோசிச்சிக்கிட்டே நான் எப்பிடி அங்க வேலை செய்யிற?"

"உனக்கு வேலை தெரியுமேடா!"

"எனக்குத் தெரியும். பக்கத்துல நிக்கிறவனுக்கு அது எப்பிடித் தெரியும்?"

எனக்கு அவன் மேலும் ஆத்திரம் வந்தது. உலகம் முழுக்கப் பொய்யில் ஓடுகிறது, இவனுக்கு மட்டும் என்ன வந்தது என்று கத்திவிட்டு வந்தேன். அவன் அதே எரிவாயு ஆலைக்கு, கூட்டித் துடைக்கிற வேலைக்குக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனான். வீடு யன்னல் உயரத்துக்குத் திரும்பி வருவதற்கே அந்தச் சம்பளம் வருடக் கணக்கில் எடுக்கும் என்று அவனுக்கும் தெரியும்.

போய்ச் சில மாதம் கழித்துப் போன் எடுத்தான். சாப்பாடு, வெயில், காம்ப் என்று பெருமையில்லாமல் கொஞ்சம் பேசினான். பிறகு சொன்னான்:

"இஞ்ச எங்கட நாட்டு எலக்ரீசியன்மாரும் இரிக்கானுகள் மச்சான். அவனுகள்ட பேப்பரக் கண்டன். உன்ட மாதிரித்தான், அந்தக் கொழும்பு எஞ்சினியர்ட கையெழுத்தோட. எல்லாம் ஒரிஜினல்."

"மறுகா?"

"மறுகா என்ன. அவனுகள் பெட்டியத் திறந்தா, நான் கூட்டுற தும்புத்தடியப் போட்டுட்டு வெளிய போயிருவன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கேட்டேன்: "நான் திறந்தாலுமாடா?"

அந்தப் பக்கம் மெஷின் இரைந்தது.

"போன் காட் முடியப் போகுது மச்சான். வெக்கிறன்" என்றான்.